தூக்கத்தில் அனுப்பிய அத்தியாயம்

வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈப்போவில் ஒரு தோசைக் கடையில் நாங்கள் மூன்று பேரும் சந்திப்போம். ஆளுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். அந்த வருஷம் படித்ததில் பிடித்த புத்தகம், பார்த்ததில் பிடித்த தொடர், நேரில் கேட்டதில் பிடித்த பாட்டு அல்லது மேளம். சொல்பவர் முடிக்கும்வரை மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது என்று ஒரு சட்டமும் உண்டு. அதை ஒரு வருஷம்கூட யாரும் மதித்ததில்லை.

மூன்று பேர் என்றால் நான், என் நண்பன், எங்களோடு இடைநிலைப் பள்ளியில் படித்த ஒரு தோழி. நண்பன் மளிகைச் சாமான் லாரி ஓட்டுகிறான். ஈப்போவில் ஏற்றி, ஒருநாள் தெலுக் இந்தான், ஒருநாள் கோலா கங்சார் என்று கடை கடையாக இறக்கிவிட்டு வருவான். தோழி அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதிவு முகப்பில் உட்காருகிறேன்.

போன வருஷக் கடைசியில் நான் அந்தக் கடைக்குப் போனது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். இனிமேல் உனக்குப் புத்தகம் படிக்க என்னால் முடியாது என்று நண்பனிடம் சொல்லிவிட வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்து அதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

நண்பனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேச்சில் எங்கள் இரண்டு பேரையும் ஓரங்கட்டிவிடுவான், அது வேறு. அவன் ஒன்றாம் வகுப்புக்குப் போகிற சமயத்தில்தான் அவன் குடும்பம் ரப்பர்த் தோட்டத்தை விட்டு பத்து காஜா பக்கம் ஒரு தாமானுக்கு, புதுக் குடியிருப்புக்கு, வீடு மாறியது. புது வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது மலாய்ப் பள்ளிதான். அதனால் அவன் தமிழெல்லாம் காதில் ஏறிய தமிழ்.

சில வருஷத்துக்கு முன்னால் தீபாவளிச் சந்தையில், முறுக்கு விற்கிற மேசைக்கும் வளையல் மேசைக்கும் நடுவில் ஒருவர் புத்தகம் பரப்பியிருந்தார். அட்டையில் லாரி படம் போட்ட ஒரு நாவலை இவன் எடுத்தான். விற்றவரிடம் எதுவும் கேட்காமல் வாங்கி, நேராக என் கையில் திணித்தான்.

"நீ படி மச்சான். நான் கேக்குறேன். ரேடியோவுல விளம்பரம்தான் ஜாஸ்தி."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஒரு அத்தியாயத்தைக் குரல் பதிவாக அனுப்பினேன். மறுநாள் ரோட்டில் கேட்டுவிட்டு, "அடுத்தது எங்கலா?" என்று கேட்டான். அந்த நாவலில் லாரி ஒரே ஒரு அத்தியாயத்தில், அதுவும் பழுதாகி நின்ற நிலையில் வந்தது. அதுவரைக்கும் "லாரி எங்க, லாரி எங்க" என்று உயிரை எடுத்தான். வந்தபோது, "ரேடியேட்டர்தான் போயிருக்கும். எழுதினவருக்கு வண்டியப் பத்தி ஒன்னும் தெரியல" என்று சொல்லி முடித்துவிட்டான். ஆனாலும் அடுத்த புத்தகம் கேட்டான். அதற்கடுத்ததும்.

பதிலுக்கு அவன் அனுப்புவது பாட்டும் மேளமும். மேடை, டிக்கெட், விளக்கு எதுவும் அதில் இருக்காது. வழியில் காதில் விழுந்தால் லாரியை ஓரம் கட்டிவிடுவான். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி மேளம், கோலா கங்சாரில் ஒரு மலாய்க் கல்யாண வீட்டில் பையன்கள் வரிசையாக நின்று அடித்த கொம்பாங் மேளம், தெலுக் இந்தான் சந்தையில் மீன்காரர் வெட்டுக்கத்தியின் பின்பக்கத்தால் பலகையில் தட்டிக்கொண்டே பாடின ஒரு சீனப் பாட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் அவனுடைய லாரி எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும். "எஞ்சினை அணைச்சுட்டுப் பதிவு பண்ணேன்லா" என்று சொன்னால், "அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகுமான்னு யார் சொல்லுவா? நீயா வந்து தள்ளுவ?" என்பான்.

தோழியின் பங்கு தொடர்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டே பார்ப்பாள். கொரியத் தொடர் என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவாள். பார்த்ததை அப்படியே விடமாட்டாள். கதை முழுவதையும், முடிவையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, "நீங்களும் பாருங்க, சூப்பரா இருக்கும்" என்பாள். எங்களுக்கு ஒரு தொடரைக்கூடப் பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது.

என் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைத்ததெல்லாம் ஓட்டுப் போடத்தான். அப்பா கித்தா மரத்தில், ரப்பர் மரத்தில், பால் வெட்டினவர். தோட்டம் கைமாறி செம்பனையான பிறகு உரம் போட்டார், குலை அறுத்தார், இப்போது ஒரு தாமான் வாசலில் காவலுக்கு, ஜாகாவாக, உட்காருகிறார். நாங்கள் இருப்பது பழைய தோட்டத்தின் ஓரத்தில் கட்டிக் கொடுத்த மலிவு விலை வீடு. லயத்து வரிசை வீடுகளில் இருந்த பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்கள். அத்தனை வீட்டுக் கடிதமும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். தண்ணீர் வாரியம், நில அலுவலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதைத் தமிழில் சொல்ல வேண்டும், பதிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு அதில் பெருமை. யார் வந்தாலும் வாசலிலேயே, "எம் மவன் இருக்கான்ல, படிச்சுச் சொல்லுவான். உள்ள வாங்க" என்று கூட்டி வந்துவிடுவார். நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.

வேலையும் படிக்கிற வேலைதான். அடையாள அட்டையைப் படி, டாக்டர் கையெழுத்தைப் படி, காப்புறுதிக்காரர்கள் அனுப்பிய கடிதத்தைப் படி, அதில் இந்த வியாதிக்குப் பணம் வராது என்று எந்த வரியில் இருக்கிறது என்று தேடிப் படி. பிறகு அதை எதிரில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல். சாயங்காலம் எழுத்து என்றாலே கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருக்கும். பள்ளியில் நூலக அறையை விட்டு வராமல் ஆசிரியரிடம் திட்டு வாங்கினவன் நான். இப்போது என் கட்டில் பக்கத்தில் நானே ஆசையாக வாங்கிய புத்தகங்கள் பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு கிடந்தன. நண்பனுக்காகப் படிப்பதைத் தவிர வேறு படிப்பே இல்லை. அதையும் கடமைக்குச் செய்ய ஆரம்பித்திருந்தேன். எத்தனை பக்கம் பாக்கி என்று முதலில் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் படிக்க உட்காருவேன்.

அப்போது படித்துக்கொண்டிருந்தது ஆற்றங்கரையில் பரிசல் ஓட்டுகிற அண்ணன் தம்பி பற்றிய நாவல். பக்கத்தில் பாலம் கட்டுகிறார்கள், இனிமேல் பரிசலுக்கு ஆள் வராது. ஒரு சண்டையில் தம்பி பரிசலை எடுத்துக்கொண்டு வெள்ளத்தில் இறங்கிவிடுகிறான். அண்ணன் கரையிலேயே நிற்கிறான். அந்த இடத்தில்தான் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு என் அறையில் படுத்துக்கொண்டு படிப்பேன். அறை என்றால் கூடத்தைப் பலகையால் தடுத்தது. நான் படிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் தொலைக்காட்சி நின்றுவிடும். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்கும். என் சத்தம் தொந்தரவாக இருக்கிறது, அப்பா எழுந்து படுக்கப் போகிறார் என்று நினைத்துக் குரலைக் குறைத்துக்கொள்வேன். சில சமயம் அவர் அந்தப் பக்கத்திலிருந்து இருமுவார். எரிச்சல் என்று எடுத்துக்கொண்டு இன்னும் குறைப்பேன்.

தோசைக் கடைச் சந்திப்புக்கு முந்தின ஞாயிறு, பதிவை ஓடவிட்டுப் படித்தவன் அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது போன் என் தோளுக்கடியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அரைத் தூக்கத்தில் அதை அழித்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். மறுநாள் நண்பனிடமிருந்து சின்னதாக ஒரு குரல் பதிவு வந்தது. "கேட்டேன் மச்சான். ஞாயித்துக்கெழம பேசிக்கலாம்." எதைக் கேட்டான் என்று மேலே நகர்த்திப் பார்க்கவும் எனக்குச் சோர்வாக இருந்தது. போன வாரத்து அத்தியாயத்தைச் சொல்கிறான், புதிதாக ஒன்றும் வரவில்லை என்று கோபம் என்று எடுத்துக்கொண்டேன். கோபம் என்றால் நல்லதுதான், சொல்வது சுலபம் என்றுகூடத் தோன்றியது.

கடையில் தோழிதான் முதலில் ஆரம்பித்தாள். "புத்தகம் ஒன்னும் இல்ல. நோயாளிங்க சீட்டுதான் படிச்சேன், அதுல நல்ல கதை நெறைய இருக்கு, வெளிய சொல்லக்கூடாது. தொடர்ல, துணி துவைக்கிற கடை வச்சிருக்குற ஒரு பொம்பள. கடைசியில கடைய மூடிட்டு..."

"முடிவச் சொல்லாத!" என்றான் நண்பன்.

"நீ பாக்கப்போறியா?"

"இல்ல."

"அப்புறம் என்னா? கடைய மூடிட்டு மகன்கிட்ட போயிடுறா. நான் அழுதேன்." பாட்டு என்று அவள் சொன்னது, வார்டில் ஒரு சீனத் தாத்தா விடியற்காலையில் பல்செட் போடாமல் பாடுகிற பாட்டை. பக்கத்துக் கட்டில்காரர் முதலில் புகார் கொடுத்தாராம். தாத்தா வீட்டுக்குப் போன மறுநாள், "எங்க அந்தாளு, சத்தமே காணோம்" என்று அவரே கேட்டாராம்.

என் முறை வந்தது. பரிசல் நாவல் என்றேன். தொடர் எதுவும் பார்க்கவில்லை என்றேன். பாட்டு, அந்த மீன்காரர் பாட்டு என்றேன். பிறகு கோப்பிக் கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மச்சான், அடுத்த வருசம் நான் படிக்கல. முடியலலா. எழுத்தப் பாத்தாலே அலுப்பா இருக்கு."

அவன் ஒரு துண்டுத் தோசையைச் சாம்பாரில் முக்கி வாயில் போட்டுக்கொண்டான். "சரிலா," என்றான்.

"சரின்னா?"

"சரின்னா சரி. உனக்கு முடியலன்னா விட்டுடு. நான் பழைய பாட்டு கேட்டுட்டுப் போறேன்."

ஒரு வாரமாக நெஞ்சில் வைத்திருந்ததை அவன் தோசையோடு விழுங்கிவிட்டான். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ அது வலித்தது. கொஞ்சமாவது கெஞ்சியிருக்கலாம்.

"டேய், மூஞ்ச ஏன் அப்பிடி வச்சிருக்க? அவன்தான் சரின்னுட்டானே," என்றாள் தோழி.

"இப்ப என் முறை," என்றான் நண்பன். "புத்தகம், இவன் படிச்ச பரிசல் கத. தொடர், இவ சொன்னது எல்லாம். லைவ் மியூசிக்குக்குத்தான் இந்த வருசம் பெரிய ஆள் வந்திருக்காரு." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, காலியான எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தினான். சத்தம் பெரிதாகக் கேட்க அவன் எப்போதும் செய்கிற வேலை அது.

டம்ளருக்குள்ளிருந்து என் குரல் வந்தது. அண்ணன் கரையில் நிற்கிற வரிகள். சொற்கள் இழுபட்டன, ஒரே வரியை இரண்டு தடவை படித்தேன், நின்றேன். பிறகு அறையில் சுற்றுகிற மின்காற்றாடிச் சத்தம். பிறகு குறட்டை.

நான் போனை எட்டிப் பிடிக்கப் போனேன். தோழி என் கையில் ஒரு அடி போட்டாள். "குறுக்க பேசக்கூடாது. சட்டம்."

அழிக்கவில்லை, அனுப்பியிருக்கிறேன்.

"நான் தெலுக் இந்தான்ல இருந்து திரும்பிக்கிட்டு இருந்தேன்," என்றான் அவன். "காத்தாடி சத்தத்த, ஆத்துல வெள்ளம் வருதுன்னு நெனச்சேன். நல்லா பண்றானேன்னு சத்தத்தக் கூட்டி வச்சேன். இப்பக் கேளு."

கதவு கிறீச்சிடுகிற சத்தம். தூரத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் குரல். ஏதோ கடிதம் வந்திருக்கிறது, தம்பி இருக்கானா என்று கேட்கிறார். அம்மாவின் குரல் தாழ்ந்து வருகிறது.

"தூங்குறான்லா. இல்ல, எழுப்ப மாட்டேன். நாளைக்கு வா. காயிதம் எங்கயும் ஓடிடாது. ஒடம்பு முடியல அவனுக்கு, மூஞ்சியே கறுத்துப்போச்சு, நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல?"

"இங்கதான் மச்சான் நான் ஏமாந்தேன்," என்றான் நண்பன். "நீ குரல மாத்திப் படிக்கிறன்னு நெனச்சிட்டேன். அந்தப் பரிசல்காரனோட அம்மா வந்துட்டாங்க, மவன எழுப்ப மாட்டேங்கறாங்கன்னு. செத்தவங்க எப்பிடி வந்தாங்கன்னு ஒரே யோசன. அவங்கதான் மொத அத்தியாயத்துலயே செத்துட்டாங்களே!"

தோழி சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. டம்ளருக்குள் அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கமாக இல்லை. என் தலைமாட்டில்.

"தம்பிக்காரன் வந்தானா இல்லையா? அதச் சொல்லாம தூங்கிட்டான்."

"புத்தகம் இங்கதான கெடக்கு," என்கிறார் அம்மா. "எடுத்துப் பாக்கறது."

"நான் பாத்தா? அதுவும் என்னைப் பாத்துக்கிட்டு இருக்கும்."

புத்தகத்தை எடுத்து ஓரமாக வைக்கிற சத்தம். பிறகு அப்பா. "இப்பல்லாம் ரொம்ப மெதுவாப் படிக்கிறான். செவுத்துல காத வச்சாக்கூட பாதிதான் கேக்குது. இருமிப் பாத்தேன், அதுக்கும் கொறைக்கிறான்."

"கேட்டா சத்தமாப் படிப்பான்."

"வேண்டாம். அவன் கூட்டாளிக்குப் படிக்கிறான். நாம எதுக்கு நடுவுல." நாற்காலி நகரும் சத்தம். "காத்தாடியக் கூட்டி வையி. வேர்த்திருக்கு பாரு."

காற்றாடி வேகமாகச் சுற்றுகிற சத்தம். அதற்கப்புறம் என் குறட்டை மட்டும்தான். நண்பன் போனை டம்ளரிலிருந்து எடுத்துத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"பரிசல்காரங்க வீட்டுல காத்தாடி ஏதுன்னு அப்பத்தான் வெளங்குச்சு," என்றான். "ஓரங்கட்டிட்டு மறுபடி மொதல்லருந்து கேட்டேன்."

"கொறட்டைக்கு ரெண்டாவது பரிசு," என்றாள் தோழி. "மொதப் பரிசு அப்பாவுக்கு."

நான் கோப்பியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

"நான் உன்னப் படிக்கச் சொல்லல," என்றான் நண்பன். "நீ சொன்னது சொன்னதுதான். ஆனா தம்பிக்காரன் வந்தானா இல்லையான்னு அப்பாகிட்ட மட்டும் சொல்லிடு, பாவம். எனக்கும் ஒரு வார்த்த அனுப்பு. வந்தான், இல்லன்னா வரல. அது போதும்."

"எனக்கே தெரியாதுலா."

"என்னா?"

"நான் முன்னாடி படிச்சு வைக்கிறது இல்ல. உனக்குப் படிக்கும்போதுதான் நானும் படிக்கிறேன்."

"அப்ப நீ, நான், அப்பா, மூனு பேரும் கரையிலதான் நிக்கிறோமா," என்று சொல்லிவிட்டு, இன்னொரு தோசைக்குக் கை காட்டினான்.

வீட்டுக்கு வரும்போது மதியம். அம்மா சோறு போட்டார். அப்பா கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா கூசிப்போவார். அடுத்த வாரத்திலிருந்து அந்த நாற்காலிப் பக்கமே வரமாட்டார்.

அறையில் படுத்தேன். அலுப்பு எங்கேயும் போய்விடவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, முகப்பில் காலையிலேயே வரிசை நிற்கும். ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். ஏதோ ஒரு கல்யாணம், ஏதோ ஒரு பாலம். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமல் அந்த வரிகளுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. திரும்ப நான் தூங்கிப்போன பக்கத்துக்கு வந்தேன். போனை எடுத்துப் பதிவை ஓடவிட்டேன்.

இந்தத் தடவை பலகையைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாக ஆரம்பித்தேன். ஒரு பத்தி முடிவதற்குள் தொலைக்காட்சி நின்றது. நாற்காலி இழுபட்டது.

"அப்பா, உள்ள வந்து ஒக்காருங்களேன்."

அந்தப் பக்கம் நாற்காலி பலகையை ஒட்டி வந்து நின்றது. பிறகு, "இல்ல. இங்கயே கேக்குது," என்றார்.

படித்தேன். அண்ணன் இருட்டும்வரை நிற்கிறான், யாரோ சோறு கொண்டு வருகிறார்கள், சாப்பிட மாட்டேன் என்கிறான். இரண்டு பக்கம் தாண்டவில்லை, கண் எரிந்தது, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்தேன்.

"இன்னைக்கு அவ்வளவுதாம்ப்பா."

"வரலையா அவன்?"

"இன்னும் வரல."

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணைத் திறந்து, சரியான இடத்தில் விரலை வைத்து, அதை அனுப்பினேன்.

"சரி, படு," என்றார் அப்பா. தொலைக்காட்சி திரும்ப ஓட ஆரம்பித்தது, சத்தம் ரொம்பக் குறைவாக.